ஊர்ப்பெயர் ஒன்று சொல்லான கதை

நம்மவர் மத்தியில் எழுதுவோர் தமது ஊரின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். மருதூர்க் கொத்தன், திக்குவல்லை கமால் என்று சொன்னவுடன் இவ்விதழின் வாசகர்களுக்கு ஆளும் ஊரும் ஒருங்கே நினைவுக்கு வரும். இப்போது இப்படி எண்ணிப் பாருங்கள். இயற்பெயர் உதிர்ந்து ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சுகிறது. அந்த ஊர்ப்பெயரும் வேற்று மொழிக்காரர் வாயிற் சிதைந்து, அம்மனிதர் கற்பித்த கலையின் பெயராகிவிடுகிறது. பிறகு அந்தக் கலையும் மறந்துபோய், ஊரையும் அறியாத ஆளையும் அறியாத கோடிக்கணக்கானோர் அச்சொல்லை வேறொரு பொருளில் நாள்தோறும் உச்சரிக்கிறார்கள். அல்கோரிதம் என்ற சொல்லுக்கு நேர்ந்தது இதுதான்.

இன்று இச்சொல் கேட்காத இடமில்லை. "அல்கோரிதம் மாறிட்டு, அதான் வீடியோ ஓடுதில்ல" என்று எங்களூர்த் தேநீர்க் கடையிலே பொடியன்கள் பேசிக்கொள்கிறார்கள். மறுபுறம் மீலாத் மேடைகளில் ஆண்டுதோறும் ஒருவராவது "அல்கோரிதம் என்பதே எங்கள் அறிஞரின் பெயர்" என்று முழங்கத் தவறுவதில்லை. சில பேச்சாளர்கள் ஒருபடி மேலே போய்ப் பூச்சியத்தையும் கணினியையும் அவர் கணக்கிலே எழுதிவிடுகிறார்கள். இந்தப் பெருமையிற் பாதி மெய். மறுபாதியை அந்த அறிஞரே ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி ஏறத்தாழ 780 முதல் 850 வரை வாழ்ந்தவர். குவாரிஸ்ம் என்பது ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள நிலப்பகுதி. இன்று உஸ்பெகிஸ்தானும் துருக்மெனிஸ்தானும் அதனைப் பங்கிட்டிருக்கின்றன. 813 முதல் 833 வரை ஆட்சி செய்த கலீபா மஃமூனின் காலத்தில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவோடு தொடர்புற்றிருந்தார். வானியல், புவியியல் என்று பலவற்றையும் எழுதினாலும் நமது சொல்லுக்கு வேண்டியவை இரண்டு நூல்கள். ஒன்று அட்சரகணிதம் பற்றியது. அதன் தலைப்பிலுள்ள 'அல் ஜப்ர்' என்ற சொல்லே ஐரோப்பாவில் அல்ஜீப்ராவாயிற்று. மற்றையது எண்கணிதம் பற்றியது. அதன் அறபு மூலம் இன்று கிடைப்பதில்லை. இலத்தீன் மொழியில் வந்த வடிவங்களே எஞ்சியுள்ளன.

அந்த இரண்டாவது நூலில் அவர் கற்பித்தது இந்தியரின் கணக்கிடும் முறையை. ஒன்பது குறிகளையும் ஒரு சிறு வட்டத்தையும் கொண்டு எத்துணைப் பெரிய எண்ணையும் எழுதலாம், கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம் என்று படிப்படியாக விளக்கினார். முறை இந்தியருடையது என்பதை நூலிலே வெளிப்படையாகச் சொன்னார். பூச்சியத்தை ஓர் எண்ணாகவே கொண்டு அதற்கு விதிகள் வகுத்த பிரமகுப்தரின் நூல் 628ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. பக்தாதில் இந்திய வானியல் நூல்கள் அறபாக்கப்பட்டது அல் குவாரிஸ்மிக்கு முந்திய தலைமுறையில். ஆகவே பூச்சியத்தை அவர் கண்டுபிடித்தார் என்று மேடையில் முழங்குவது, கடன் வாங்கியதை ஒப்புக்கொண்ட நேர்மையாளர் ஒருவரைக் கடனை மறைத்தவராக்குவதாகும்.

இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை. சமஸ்கிருதத்தில் வெறுமையைக் குறித்த சூனியம் என்ற சொல்லை அறபியர் தம் மொழியில் 'ஸிஃப்ர்' என்றார்கள். இலத்தீன் வழியாக அது ஒருபுறம் ஸீரோ ஆயிற்று. மறுபுறம் ஆங்கிலத்தில் சைபர் ஆகி, இலங்கையில் நமது பாட்டன்மார் வாய்க்கு வந்தது. இன்றும் "பரீட்சையில் சைபர் எடுத்தான்" என்கிறோம். ஆனால் 'சைபர் குற்றம்' என்று பத்திரிகைகள் எழுதும் சைபர் வேறு. அது கப்பலோட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் நிற்பதால் மாணவர் குழம்புவதில் வியப்பில்லை.

இலத்தீனுக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ, செகோவியா போன்ற நகரங்களில் அறபு நூல்கள் இலத்தீனாக்கப்பட்டன. செஸ்டரைச் சேர்ந்த ரொபேர்ட் என்பவர் 1145இல் செகோவியாவில் அட்சரகணித நூலை மொழிபெயர்த்தார். எண்கணித நூலின் இலத்தீன் பிரதியொன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அல்கோரிஸ்மி இவ்வாறு கூறினார் என்ற பொருளில் அது தொடங்குகிறது. 'கால' என்று தொடங்கும் அறபுக் கிதாபுகளை ஓதிய நமக்கு இந்த நடை புதிதல்ல. இலத்தீன் வாசகருக்கு அல்கோரிஸ்மி யாரென்று தெரியாது. நாளடைவில் அது ஆளின் பெயராக இல்லாமல், புதிய இலக்கங்களாற் கணக்கிடும் கலையின் பெயராக மாறி, 'அல்கோரிஸ்முஸ்' என்று வழங்கலாயிற்று.

ஆளை மறந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சொல்லுக்கு வேர் தேடி வகைவகையாகக் கதை கட்டினார்கள். அல்கோர் என்ற இந்திய மன்னன் ஒருவனின் பெயர் என்றார்கள் சிலர். அவன் ஸ்பெயினின் கஸ்தீலிய நாட்டு மன்னன் என்றார்கள் வேறு சிலர். அல்குஸ் என்ற தத்துவஞானி என்றும் எழுதினார்கள். கிரேக்கத்தில் வேதனையைக் குறிக்கும் சொல்லையும் எண்ணைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்துப் பார்த்தவர்களும் உண்டு. கணக்குப் பாடத்தில் இடர்ப்படும் என் மாணவர்கள் இந்த விளக்கத்தையே ஏற்பார்கள்! அல்கோரிஸ்முஸ் என்பது அல் குவாரிஸ்மியே என்று பிரெஞ்சு அறிஞர் ரெய்னோ எடுத்துக்காட்டியது 1849இல். எழுநூறு ஆண்டுகளாக ஒருவரின் பெயரை உச்சரித்துக்கொண்டே அவரை மறந்திருந்தார்கள்.

அந்தக் கலை ஐரோப்பாவில் எளிதாக நுழைந்துவிடவில்லை. அங்குள்ளவர்கள் கோடிட்ட பலகையில் காய்களை நகர்த்திக் கணக்குப் பார்த்து, விடையை ரோம இலக்கத்தில் எழுதிவந்தார்கள். பீசா நகரத்து லியனார்டோ, பின்னாளில் பிபொனாச்சி என்று அறியப்பட்டவர், இன்றைய அல்ஜீரியாவின் பிஜாயா துறைமுகத்தில் இளமையிலேயே இம்முறையைப் பயின்று, 1202இல் பெருநூலொன்று எழுதினார். ஆயினும் 1299இல் புளோரன்ஸ் நகரத்து நாணயமாற்று வணிகர் சங்கம் கணக்கேடுகளில் புதிய இலக்கங்களுக்குத் தடை விதித்தது. தொகைகளைச் சொல்லால் எழுத வேண்டும் என்றது. பூச்சியத்துக்கு ஒரு வாலை இழுத்தால் ஆறோ ஒன்பதோ ஆகிவிடும் என்ற அச்சம் இருந்ததாகச் சொல்வர். காசோலையில் நாமும் இன்றுவரை தொகையை எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா?

காய்ப் பலகைக்கும் அல்கோரிஸ்முஸுக்குமிடையிலான வேறுபாடு நுட்பமானது. பலகையிற் காயை நகர்த்திய பின் முந்திய நிலை அழிந்துபோகும். விடை மட்டும் நிற்கும். தாளில் மையினாற் செய்தாலோ ஒவ்வொரு அடியும் கண்முன்னே இருக்கும். பிழை எங்கே நேர்ந்தது என்று இன்னொருவர் விரல் வைத்துக் காட்டலாம். இதனை அறபுலகில் முன்பே ஒருவர் உணர்ந்திருந்தார். இந்திய முறைக் கணக்கு முதலில் பலகையிற் புழுதி பரப்பி எழுதி அழித்துச் செய்யப்பட்டது. திமஷ்கில் 952ஆம் ஆண்டளவில் அல் உக்லீதிஸி என்பவர் அம்முறைகளை அழிக்கத் தேவையில்லாதபடி மாற்றித் தாளுக்கும் மைக்கும் ஏற்றதாக்கினார். தெருவோரத்துச் சோதிடரோடு தம்மையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள் என்ற கூச்சமும் புழுதிப் பலகையைக் கைவிட ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறார். காரணம் எதுவாயினும் பலன் பெரிது. "விடை மட்டும் போதாது, செய்கையைக் காட்டு" என்று கணித ஆசிரியர்கள் இன்று சொல்வதற்குத் தாளும் மையும் வேண்டியிருந்தன.

அல் குவாரிஸ்மியின் அட்சரகணித நூலை மேடைப் பேச்சாளர்கள் திறந்து பார்ப்பது நல்லது. குறியீடு ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் சொற்களே. ஏறத்தாழப் பிற்பாதி முழுவதும் வஸிய்யத்தும் வாரிசுப் பங்கீடும். பிரெடெரிக் ரோஸன் 1831இல் இலண்டனில் அறபு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் பதிப்பித்தார். அதில் வரும் ஒரு கணக்கை என் சொல்லில் தருகிறேன். ஒருவர் மரணிக்கிறார். இரண்டு ஆண்மக்கள். வாரிசல்லாத ஒருவருக்குச் சொத்தில் மூன்றிலொரு பங்கை வஸிய்யத் செய்திருக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். ஒரு மகன் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருக்கிறான். எப்படிப் பிரிப்பது?

கடன்பட்ட மகனின் பங்குக்கு ஈடாகக் கடனிற் கழிபடும் பகுதியை ஒரு 'பொருள்' என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அதைக் கையிருப்போடு கூட்டினால் 10 திர்ஹமும் ஒரு பொருளும். மூன்றிலொன்று வஸிய்யத்துக்குப் போக, மீதியை இரு மக்களுக்கும் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 3⅓ திர்ஹமும் பொருளில் மூன்றிலொன்றும். அதுதான் அந்தப் 'பொருள்'. ஆகவே பொருளின் மூன்றில் இரண்டு 3⅓ திர்ஹம், பொருள் 5 திர்ஹம். வஸிய்யத் பெற்றவருக்கு 5, கடனில்லாத மகனுக்கு 5, மற்றவனுக்குக் கடனில் 5 கழிவு. பராயிழ் கணக்குப் பார்க்கும் மௌலவியின் முன்னே அண்ணன் தம்பிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் காட்சி நமக்குத் தெரியாததல்ல. அந்தச் சபையில் ஒவ்வோர் அடியையும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய கணக்கே சண்டையைத் தவிர்க்கும். எனக்கேன் இவ்வளவு என்று கேட்பவனுக்குக் காட்ட வேண்டும். அல் குவாரிஸ்மி எழுதியது அத்தகைய கணக்கை.

பின்வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடக்கலாம். ஆங்கிலத்தில் அல்கோரிஸ்முஸ் 'ஆக்ரிம்' என்றும் திரிந்தது. எண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் சாயல் படிந்து இடையே 'த' ஒலி புகுந்தது. 1747இல் லைப்சிக்கில் வெளியான கணித அகராதி ஒன்று, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகவே அதற்குப் பொருள் தருகிறது. அதாவது மூன்றாம் நான்காம் வகுப்புக் கணக்கு. அதற்கு அப்பால் எந்தக் கணிப்புக்குமான ஒழுங்கான செய்முறை என்ற பொருள் மெல்ல மெல்லவே ஏறியது. பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண யூக்கிளிட் தந்த வழியை யூக்கிளிட்டின் அல்கோரிதம் என்கிறோம். யூக்கிளிட் அல் குவாரிஸ்மிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர். பேரனின் பெயரைப் பாட்டனுக்கு வைத்தது போன்றது இது.

1936இல் அலன் டியூரிங் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது கம்பியூட்டர் என்ற சொல்லே கணக்குப் போடும் ஊழியரைத்தான் குறித்தது. அத்தகைய மனிதர் ஒருவர், சிறுபிள்ளையின் கணக்குக் கொப்பி போலச் சதுரமிட்ட தாளில், ஒரு நேரத்தில் ஒரு சிறு அடியாகச் செய்யக்கூடியவை எவை என்று ஆராய்ந்தார் டியூரிங். அந்த மனிதரின் இடத்தில் ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தார். எந்தச் செய்முறையாலும் தீர்க்க முடியாத வினாக்கள் உண்டென்றும் நிறுவினார். ஆயினும் சொல் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. 1957இல்கூட அமெரிக்காவின் வெப்ஸ்டர் நியூ வேர்ல்ட் அகராதியில் பழைய 'அல்கோரிசம்' இருந்தது, அல்கோரிதம் இல்லை. 1968இல் டொனால்ட் கனூத் தமது பெருநூலின் முதற் பாகத்தை இச்சொல்லின் வரலாற்றோடு தொடங்கி, அதற்கு இலக்கணமும் வகுத்தார். முடிவுக்கு வர வேண்டும், ஒவ்வோர் அடியும் ஐயமறத் தெளிவாக இருக்க வேண்டும், ஒருவர் தாளும் பென்சிலும் கொண்டு செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பன அதன் சாரம். அவரும் சோவியத் அறிஞர் எர்ஷோவும் முன்னின்று 1979இல் ஒரு மாநாடு கூட்டினார்கள். இடம், பழைய குவாரிஸ்ம் நிலத்திலுள்ள ஊர்கெஞ்ச் நகரம். சொல் தன் ஊருக்கு ஒருமுறை போய்வந்தது.

அடுத்த திருப்பத்தை இலக்கணக் கண்ணோடு பார்த்தேன். முன்பெல்லாம் மனிதர் அல்கோரிதத்தைச் 'செய்தார்கள்'. வாக்கியத்தில் அது செயப்படுபொருளாக இருந்தது. இப்போது எழுவாயாகிவிட்டது. அல்கோரிதம் காட்டுகிறது, மறைக்கிறது, விரும்புகிறது, தண்டிக்கிறது. அஃறிணைச் சொல்லுக்கு உயர்திணையின் மனம் வந்துவிட்டது. இணையத் தேடலும் பேஸ்புக்கும் பெருகிய காலத்தில் நேர்ந்த மாற்றம் இது. அங்கே இருப்பது ஒரே செய்முறையல்ல, பல செய்முறைகளின் கூட்டம். அவற்றிற் சில, கோடிக்கணக்கான மனிதரின் நடத்தையிலிருந்து இயந்திரமே கணித்தெடுத்த எண்களைக் கொண்டு இயங்குபவை. எழுதிய பொறியியலாளரே ஒரு குறிப்பிட்ட முடிவு ஏன் வந்தது என்று விரல் வைத்துக் காட்ட இடர்ப்படுவார். காட்டக்கூடியதையும் நிறுவனம் வணிக இரகசியம் என்று பூட்டிவைக்கிறது. தாளும் பென்சிலும் கொண்டு எவரும் சரிபார்க்கலாம் என்பதைக் குறித்த சொல், எவரும் பார்க்க முடியாததைக் குறிக்கிறது.

இது சொல்லாராய்ச்சி மட்டுமல்ல. நமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இஸட் புள்ளி வந்தது. இதுவும் ஓர் அல்கோரிதம்தான். ஆனால் பழைய பொருளில். பெற்ற புள்ளியிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் வகுக்க வேண்டும். மகளின் பெறுபேற்றுத் தாளோடு வந்த மீன் வியாபாரி ஒருவருக்கு அரை மணி நேரத்தில் இதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாக்கிக் கணித்தபோது மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை இரத்துச் செய்து, இரு சாராரையும் வெவ்வேறு கூட்டமாகக் கொண்டு திரும்பக் கணிக்கப் பணித்தது. முறை தெரிந்திருந்தபடியால் பிழையைச் சுட்ட முடிந்தது.

இங்கிலாந்தில் 2020இல் கொவிட் காரணமாகப் பரீட்சை இரத்தாகி, ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களைக் கணக்கு முறையொன்றால் திருத்தினார்கள். ஏறத்தாழ 40 சதவீதமான தரங்கள் கீழிறங்கின. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். சில நாட்களிலேயே, ஓகஸ்ட் 17இல், அது கைவிடப்பட்டது. பிரதமர் பொரிஸ் ஜோன்சன் பழியைத் 'திரிபடைந்த அல்கோரிதத்தின்' தலையிற் போட்டார். அம்முறையை வகுத்தவர்கள் அதிகாரிகள், ஒப்புதல் தந்தவர்களும் மனிதர்கள். சொல் எழுவாயானதால் ஆட்சியாளருக்குக் கிடைத்த வசதி இது.

அந்த வசதியை நம் விடயத்திலும் எவருக்கும் கொடுத்துவிடக் கூடாது. 2018 பெப்ரவரி 26இல் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக எழுந்த வதந்தி காணொளியாகப் பரவியது. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை. மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனம், தன் தளத்திற் பரவிய வெறுப்புப் பேச்சும் வதந்தியும் வெளியே தீங்குக்கு இட்டுச் சென்றிருக்கலாம் என்ற மதிப்பீடொன்றை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. தீ வைத்தவை மனிதக் கைகள். அதில் ஐயமில்லை. ஆனால் எந்தப் பதிவு யார் கண்ணுக்கு எத்தனை முறை காட்டப்பட்டது, என்ன கணக்கின்படி காட்டப்பட்டது என்ற செய்கையை நமக்கு எவரும் எழுதிக் காட்டவில்லை. சகோதரனின் 5 திர்ஹத்துக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த சமூகம், இதற்கும் கணக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அல்கோரிதத்தைத் தமிழில் படிமுறை என்றும் நெறிமுறை என்றும் எழுதுகிறார்கள். வகுப்பறைக்குப் படிமுறையே பொருத்தம் என்பது என் எண்ணம். 'படி' அதிலே இருக்கிறது. கலாசாலையில் நான் பயின்றது கணிதமும் தமிழும். தகவல் தொழினுட்பப் பாடத்துக்கு எங்கள் பாடசாலையில் ஆளில்லாதபோது அதுவும் என்னிடம் வந்தது. பத்தாம் வகுப்புக்குப் பாய்ச்சற் கோட்டுப்படம் கற்பிக்கையில், தேநீர் தயாரிக்கும் உதாரணத்தை விட்டுவிட்டு மேலே சொன்ன வஸிய்யத் கணக்கைக் கொடுத்தேன். பெட்டிபெட்டியாக வரைந்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "கடன் 4 திர்ஹம்தான் என்றால், சேர்?" என்று கேட்டாள். அப்படியானால் மொத்தம் 14, ஒவ்வொருவருக்கும் 4⅔. கடன்பட்டவனுக்குக் கடன் முழுவதும் கழிந்து இன்னும் ⅔ திர்ஹம் கையிற் கிடைக்கும். முதலில் வரைந்த படம் இதற்குச் சரிவராது. கடன் 5 திர்ஹத்துக்குக் குறைவா என்று கேட்கும் சாய்சதுரப் பெட்டியொன்று நடுவே வேண்டும் என்று அவளே கண்டுபிடித்து, கரும்பலகையில் வந்து வரைந்தாள்.